பழைய மேசைக்கணினியில் லினக்ஸ்: திரை தடுமாறும்போது எதை முதலில் பார்ப்பது?

2025 ஒக்ரோபர் 14 ஆம் நாளுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான பாதுகாப்பு ஆதரவு முடிவுற்றது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, இன்டெல் நிறுவனத்தின் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட செயலிகளைக் கொண்ட கணினிகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆகவே, 2017 க்கு முன் வாங்கப்பட்டு இன்றும் பழுதின்றி இருக்கும் மேசைக்கணினிகள் பல, உரிமையாளர் விரும்பியோ விரும்பாமலோ லினக்ஸுக்கு மாறுகின்றன. வீட்டுப் பிள்ளையோ தெரிந்த ஒருவரோ லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை நிறுவிக் கொடுத்துவிட்டுப் போகிறார். கணினி எழும்புகிறது; எழுத்துகள் தெரிகின்றன. ஆனால் சாளரம் ஒன்றை இழுத்தால் அது விட்டு விட்டு நகர்கிறது. காணொளி துண்டு துண்டாக ஓடுகிறது. விசிறி ஓயாமல் இரைகிறது. கணினி பழையது, இனி எறியவேண்டியதுதான் என்னும் தீர்ப்பு அந்த இடத்திலேயே வழங்கப்பட்டுவிடுகிறது.

அத்தீர்ப்பு பல வேளைகளில் பிழையானது. டென்மார்க்கில் அதன் விலையும் பெரிது. 15 வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களுக்கு அரச, நகரசபைக் கடிதங்கள் 2014 நவம்பர் முதல் டிஜிட்டல் போஸ்ட் வழியாகவே வருகின்றன. 1624 இல் தொடங்கிய அஞ்சல் மரபின் வாரிசான போஸ்ட்நோர்ட் நிறுவனம், 2025 டிசம்பர் இறுதியுடன் நாட்டுக்குள் கடிதம் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. அப்பணியை இப்போது வேறொரு நிறுவனம் செய்கிறது. பாடசாலைச் செய்திகள் அவுலா தளத்தில் வருகின்றன. வீட்டில் இருக்கும் ஒரே பெரிய திரை தடுமாறினால், கைபேசியின் சிறிய திரையில் நீண்ட டேனிஷ் கடிதத்தைப் படிக்கும் நிலை முதலில் முதியோருக்கே வருகிறது. புதிய கணினிக்குச் செலவழிக்கும் முன், இருக்கும் கணினியில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது அரை மணி நேர வேலை.

திரையை வரைவது யார்?

சாதாரண முழு உயர்தெளிவுத் திரையில் குறுக்காக 1920, நெடுக்காக 1080 புள்ளிகள் உள்ளன. மொத்தம் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600. திரை செக்கனுக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஆக, ஒவ்வொரு செக்கனும் 12 கோடியே 44 இலட்சம் புள்ளிகளின் நிறம் தீர்மானிக்கப்படவேண்டும். ஒரே மாதிரியான சிறு வேலையைப் பல கோடி முறை செய்வதற்கென்றே அமைந்த உறுப்புத்தான் வரைகலைச் செயலி. மக்கள் வழக்கில் அது கிராபிக்ஸ் கார்ட். சில கணினிகளில் அது தனி அட்டையாக இருக்கும். பலவற்றில் புரொசெசருக்குள்ளேயே பொதிந்திருக்கும்.

வரைகலைச் செயலியை இயக்கத் தெரிந்த மென்பொருள் இல்லாவிட்டாலும் லினக்ஸ் திரையை இருட்டாக விடுவதில்லை. வரையும் வேலை முழுவதையும் புரொசெசரின் தலையில் சுமத்திவிடுகிறது. கலியாண வீட்டில் பரிமாற வந்தவர்கள் முற்றத்தில் சும்மா இருக்க, சமையற்காரரே அடுப்பையும் பார்த்துப் பந்தியும் பரிமாறினால் எப்படியிருக்கும்? சோறு வரத்தான் செய்யும். ஆனால் கடைசிப் பந்தி சாப்பிடப் பின்னேரம் ஆகும். சமையற்காரருக்கு வயதாகிவிட்டது என்று அங்கே யாரும் சொல்வதில்லை. கணினியைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்லிவிடுகிறோம்.

எனவே முதற்கேள்வி, இப்போது வரைவது எது என்பதே. இதற்கு விடை காணாமல் அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருப்பது நேரத்தை வீணாக்கும். சில வேளை கணினியையும் கெடுக்கும்.

லினக்ஸ் மின்ட்டின் பட்டியலில் ‘சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்’ என்றோ, புதிய பதிப்புகளில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்றோ ஒரு நிரல் இருக்கும். அதில் கிராபிக்ஸ் எனத் தொடங்கும் பகுதியில் ‘ரெண்டரர்’ என்னும் சொல்லைத் தேடவேண்டும். அதற்கு அருகில் இன்டெல், ஏ.எம்.டி., என்விடியா ஆகியவற்றுள் ஒன்றின் பெயரோ, அட்டையின் மாதிரி எண்ணோ இருந்தால் வரைகலைச் செயலி வேலை செய்கிறது. மாறாக, இரண்டு ‘எல்’, ஒரு ‘வி’, ஓர் ‘எம்’, அதனுடன் ஒட்டி ‘பைப்’ என்று ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தால், புரொசெசரே திரையை வரைகிறது என்று பொருள். உபுண்டுவில் அமைப்புகளின் ‘கணினி பற்றி’ என்னும் பகுதியில் இதே விவரம் கிடைக்கும். அங்கே ‘சொஃப்ட்வெயார் ரெண்டரிங்’ என்றிருந்தாலும் பொருள் அதுவே. லினக்ஸ் மின்ட்டின் சினமன் மேசைத்தளம் இந்நிலையில் தானாகவே ஓர் எச்சரிக்கையைக் காட்டும். வன்பொருள் முடுக்கமின்றி இயங்குவதால் புரொசெசர் வழமையைவிட மிகுதியாக உழைக்கிறது என்பதே அதன் சாரம். பெரும்பாலானோர் அதைப் படிக்காமலே மூடிவிடுகின்றனர்.

வடம் சரியான துளையில் உள்ளதா?

மேசைக்கணினிக்கே உரிய ஒரு குறை இது. மடிக்கணினியில் இது நேர வாய்ப்பில்லை. கணினிப் பெட்டியின் பின்புறத்தில், யு.எஸ்.பி. துளைகளும் ஒலித் துளைகளும் உள்ள கூட்டத்தோடு ஒரு திரைத் துளை இருக்கும். அது தாய்ப்பலகைக்குரியது. அதற்குக் கீழே, தனியாகக் கிடைமட்டமாக அமைந்த வரிசையிலும் திரைத் துளைகள் இருந்தால், அவை தனி வரைகலை அட்டைக்குரியவை. வீடு மாறும்போதோ, மேசையைத் துப்புரவாக்கும்போதோ வடத்தைக் கழற்றியவர், மீண்டும் மாட்டும்போது கைக்கு எட்டிய துளையில் மாட்டிவிடுகிறார். அதன்பின் விலை கொடுத்து வாங்கிய அட்டை பெட்டிக்குள் சும்மா கிடக்கிறது. கணினியை நிறுத்தி, வடத்தை மாற்றி மாட்டி, மீண்டும் இயக்கிப் பார்க்கச் செலவேதும் இல்லை. மற்ற எதையும் தொடுமுன் இதைச் செய்துவிடுவது நன்று.

தற்காலிக ஏற்பாடு நிலைத்துவிட்ட கணினிகள்

பழைய கணினியில் லினக்ஸை நிறுவும்போது திரை கறுத்துப்போவது உண்டு. அப்போது நிறுவுபவர் ‘கொம்பற்றிபிலிற்றி மோட்’ என்னும் பொருந்து முறையைத் தேர்ந்தெடுப்பார். அம்முறை ‘நோமோட்செட்’ என்னும் ஒரு கட்டளைச் சொல்லைச் சேர்த்து, வரைகலை இயக்கிகளை ஏற்றாமல் கணினியை எழுப்புகிறது. நிறுவும் அந்த நேரத்துக்கு அது நல்ல உபாயம். ஆனால் சில கணினிகளில் அச்சொல் தொடக்க அமைப்பிலேயே நிரந்தரமாக எழுதப்பட்டுவிடுகிறது. அதன்பின் எந்த அட்டை இருந்தாலும், ஒவ்வொரு முறையும் புரொசெசரே வரையவேண்டியதாகிறது. லினக்ஸில் வேகங்குன்றிய பழைய கணினிகளைப் பார்க்கும்போது கட்டாயம் சோதிக்கவேண்டிய இடம் இது. அச்சொல் ‘கிரப்’ எனப்படும் தொடக்க நிரலின் அமைப்புக் கோப்பில் இருக்கும். அதை நீக்கி, கிரப்பைப் புதுப்பித்து, கணினியை மீள இயக்கவேண்டும். கட்டளை வரியில் பழக்கமில்லாதவர் இதைத் தெரிந்த ஒருவரைக் கொண்டு செய்வதே முறை. அக்கோப்பில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் கணினி எழும்பாமல் போகலாம்.

இதனினும் எளிய காரணம் ஒன்றும் உண்டு. சினமன் மேசைத்தளத்தின் நுழைவுத் திரையில், கடவுச்சொல் இடும் பெட்டிக்கு அருகே ஒரு சிறு குறி இருக்கும். அதைச் சொடுக்கினால் வெவ்வேறு அமர்வுகள் தோன்றும். அவற்றுள் ஒன்றின் பெயரில் ‘சொஃப்ட்வெயார் ரெண்டரிங்’ என்றிருக்கும். கைதவறி அதை ஒருமுறை தேர்ந்தால், கணினி அதையே நினைவில் வைத்துக்கொள்ளும். வெளியேறி, சாதாரண அமர்வைத் தேர்ந்து, மீண்டும் நுழைந்தால் போதும்.

இயக்கிகள்: யாருடைய அட்டை என்பதே முக்கியம்

மேற்கூறியவை எதுவும் காரணமாக இல்லையெனில், அட்டைக்குரிய இயக்கியைப் பார்க்கவேண்டும். விண்டோஸில் பழகியவர் இங்கே ஒரு பழக்கத்தைக் கைவிடவேண்டும். உற்பத்தி நிறுவனத்தின் தளத்துக்குச் சென்று இயக்கியைத் தரவிறக்கும் வழக்கம் லினக்ஸுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. இயக்கிகளின் ஒரு பாதி லினக்ஸின் கருவான கேர்னலிலும், மறுபாதி மீசா என்னும் திறந்த மென்பொருளிலும் ஏற்கெனவே உள்ளன. மீசா 1993 இல் பிரையன் போல் என்பவர் தொடங்கிய பணி. இன்று உலகின் பெரிய நிறுவனங்கள் பலவும் அதற்கு உழைக்கின்றன.

இன்டெல் வரைகலை உள்ள கணினிகளுக்குத் தனியே எதையும் நிறுவவேண்டியதில்லை. புதுப்பித்தல் நிரலை இயக்கி, எல்லாப் புதுப்பிப்புகளையும் ஏற்றுக்கொண்டு, ஒருமுறை மீள இயக்கினால் போதும். ஏ.எம்.டி. ரேடியோன் அட்டைகளுக்கும் இதுவே விதி. அந்நிறுவனம் முன்பு வழங்கிய மூடிய இயக்கியை உபுண்டு 2016 ஏப்ரல் மாதப் பதிப்பிலேயே கைவிட்டுவிட்டது. பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றி அதை இன்று நிறுவ முயல்வோர் ஓடிக்கொண்டிருக்கும் கணினியையும் நிறுத்திவிடுவர்.

சிக்கல் என்விடியாவில்தான். அந்நிறுவனம் தன் அட்டைகளின் உள்விவரங்களை நெடுங்காலம் திறந்த மென்பொருளாருக்கு வழங்கவில்லை. லினக்ஸைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ், 2012 இல் தம் தாய்நாடான பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசும்போது இதற்காக அந்நிறுவனத்தை வெளிப்படையாகவே, அச்சில் ஏற்ற இயலாத சொல்லால், ஏசினார். விவரம் கிடைக்காத நிலையில் தன்னார்வலர்கள் ஆராய்ந்து உருவாக்கிய திறந்த இயக்கியே ‘நுவோ’. பழைய என்விடியா அட்டையில் லினக்ஸ் முதலில் பயன்படுத்துவது இதைத்தான். திரை தெரியும், சாதாரண வேலை நடக்கும். ஆனால் அட்டை எழும்பும்போது தாழ்ந்த வேகத்தில் எழும்புகிறது. பெரும்பாலான பழைய அட்டைகளில் நுவோவால் அந்த வேகத்தைத் தானாக உயர்த்த முடிவதில்லை. முதற்கியரிலேயே நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியின் நிலை அது.

ஆகவே என்விடியாவின் சொந்த இயக்கி வேண்டியதாகிறது. அதைப் பெற லினக்ஸ் மின்ட்டில் ‘ட்ரைவர் மனேஜர்’ என்னும் நிரலும், உபுண்டுவில் ‘மேலதிக இயக்கிகள்’ என்னும் பகுதியும் உள்ளன. அட்டைக்குப் பொருந்தும் பதிப்பை அவையே கண்டறிந்து பரிந்துரைக்கும். இங்கே அட்டையின் வயதே முடிவைத் தீர்மானிக்கிறது. ஜீஃபோர்ஸ் 900, 1000 வரிசைகளுக்கு 580 என்னும் இயக்கிக் கிளையே கடைசி. 600, 700 வரிசைகளிற் பெரும்பாலானவற்றுக்கு 470 ஆம் கிளை. அது இன்னும் உபுண்டு 24.04 இலும், அதன்மேல் எழுந்த லினக்ஸ் மின்ட் 22 இலும் கிடைக்கிறது. ஆனால் என்விடியா அதன் பராமரிப்பை முடித்துக்கொண்டுவிட்டது. 400, 500 வரிசைகளுக்குரிய 390 ஆம் கிளைக்கு 2022 இறுதியில் ஆதரவு முடிந்தது. இன்னும் பழைய 8000, 9000, 200 வரிசைகளுக்குரிய 340 ஆம் கிளைக்கு 2019 இறுதியிலேயே முடிந்துவிட்டது. பெயரை மட்டும் நம்புவதும் தகாது. ஜிடி 610 என்னும் அட்டை பெயரால் 600 வரிசை. உள்ளே இருப்பதோ 500 காலத்துச் சில்லு.

ட்ரைவர் மனேஜர் எதையும் பரிந்துரைக்காவிட்டால், அந்த அட்டைக்கு இன்றைய லினக்ஸில் என்விடியா இயக்கி இல்லை என்று கொள்ளலாம். பழைய இயக்கியைப் புதிய கேர்னலில் வலிந்து ஏற்றும் குறுக்குவழிகள் உண்டு. ஆனால் வங்கிக் கணக்கும் மிட்ஐடியும் பயன்படும் குடும்பக் கணினியில் அவற்றைச் செய்யாதிருப்பதே மேல். அடுத்த புதுப்பிப்பில் அது மீண்டும் உடையும்; அதற்குப் பயந்து புதுப்பிக்காமல் விட்டால் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும்.

இந்நிலையில் பலர் எண்ணிப்பாராத ஒரு வழி உண்டு. அட்டையையே கழற்றிவிடுதல். 2011 க்குப் பின் வந்த இன்டெல் மேசைக்கணினிப் புரொசெசர்கள் பெரும்பாலானவற்றில் வரைகலைச் செயலி உள்ளேயே இருக்கிறது. தாய்ப்பலகையிலும் திரைத் துளை இருந்தால், கணினியை நிறுத்தி, மின்வடத்தைப் பிடுங்கி, பழைய அட்டையை அகற்றி, திரையைத் தாய்ப்பலகையின் துளையில் இணைத்துப் பார்க்கலாம். கடிதம் படிக்கவும் காணொளி பார்க்கவும், நல்ல இயக்கியுள்ள சாதாரண இன்டெல் வரைகலை, இயக்கியற்ற பழைய என்விடியாவைவிடச் சிறந்தது. மின்சாரமும் மிச்சம், இரைச்சலும் குறையும். ஆனால் இன்டெல் மாதிரி எண்ணின் ஈற்றில் ‘எஃப்’ என்னும் எழுத்துள்ளவற்றிலும், ஏ.எம்.டி.யின் எஃப்எக்ஸ் வரிசையிலும் உள்வரைகலை இல்லை. அவற்றில் இது இயலாது. அப்போது, பயன்படுத்திய சிறிய ரேடியோன் அட்டை ஒன்றைத் தேடலாம். அது கணினியின் மின்வழங்கிக்கும் பெட்டிக்கும் பொருந்துமா என்று முதலில் பார்த்துக்கொள்ளவேண்டும்.

என்விடியா இயக்கியை நிறுவிய பின்னும் மாற்றமில்லையெனில், ‘செக்கியூர் பூட்’ என்னும் பாதுகாப்பு ஏற்பாடு அதைத் தடுத்திருக்கலாம். நிறுவும்போது ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கேட்கப்படும். கணினி மீள எழும்போது தோன்றும் நீலத் திரையில் அதையே மீண்டும் இட்டு ஒப்புதல் தரவேண்டும். நீலத் திரையைக் கண்டு பயந்து கடந்துசென்றால் இயக்கி ஏறாது.

இயக்கி மாற்றும் முன் லினக்ஸ் மின்ட்டில் உள்ள ‘டைம்ஷிஃப்ட்’ நிரலால் அமைப்பின் நிழற்படி ஒன்றை எடுத்துவைப்பது கட்டாயம். திரை கறுத்துப்போனால் பழைய நிலைக்கு மீள அதுவே கைகொடுக்கும். ஆனால் அது பொதுவாக அமைப்பை மட்டுமே காக்கும். குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் வேறொரு வட்டில் தனியே பிரதிசெய்துகொள்ள வேண்டும்.

வரைகலை வேலை செய்தும் மந்தமாயிருந்தால்

ரெண்டரருக்கு நேரே சரியான பெயர் இருந்தும் தடுமாற்றம் நீங்காத கணினிகளில், பெரும்பாலும் அளவுக்கு மீறிய வேலை கொடுக்கப்பட்டிருக்கும். 4கே திரையில் முழு உயர்தெளிவுத் திரையைப்போல் சரியாக நான்கு மடங்கு புள்ளிகள். பழைய கணினிக்குப் புதிய பெரிய திரையைப் பரிசாக வாங்கிக்கொடுக்கும் பிள்ளைகள் இதை அறிவதில்லை. எச்.டி.எம்.ஐ. 1.4 மட்டுமே உள்ள பழைய துளை, 4கே தெளிவில் செக்கனுக்கு 30 படங்களையே அனுப்பும். சுட்டியை நகர்த்தினாலே அது தாவித்தாவிச் செல்லும். திரையின் தெளிவை 1920 க்கு 1080 ஆகக் குறைத்தால் தடுமாற்றம் அப்போதே நீங்கும். எழுத்தைப் பெரிதாக்க 125, 150 விழுக்காடு என்று இடைப்பட்ட அளவுகளைத் தேர்வதும் வரைகலைக்குப் பெருஞ்சுமை. எழுத்துருவின் அளவை மட்டும் கூட்டினால் கண்ணுக்கும் வசதி, கணினிக்கும் இலகு.

மேசைத்தளத்தின் அசைவு அலங்காரங்களை அமைப்புகளில் நிறுத்தலாம். அதுவும் போதாவிட்டால் எக்ஸ்எஃப்சிஇ என்னும் எளிய மேசைத்தளத்துக்கு மாறலாம். லினக்ஸ் மின்ட்டுக்கு அதற்கெனத் தனிப் பதிப்பே உண்டு. தோற்றம் சற்றுப் பழையதாக இருக்கும். வேலைக்குக் குறைவில்லை.

காணொளி மட்டும் தடுமாறுவது வேறு வகை. யூரியூப் தளம் பெரும்பாலும் விபி9, ஏவி1 என்னும் முறைகளில் காணொளிகளைச் சுருக்கி அனுப்புகிறது. இன்டெல் வரைகலையில் விபி9 ஐ முழுமையாக விரிக்கும் வன்பொருள் ஏழாம் தலைமுறையிலும், ஏவி1 க்கு உரியது பதினோராம் தலைமுறையிலுமே வந்தன. அவற்றுக்கு முந்திய கணினி அக்காணொளிகளைப் புரொசெசரால் விரிக்கிறது. எச்.264 என்னும் பழைய முறையை விரிக்கும் வன்பொருளோ 2010 ஐ அடுத்து வந்த பெரும்பாலான கணினிகளில் உண்டு. அம்முறையிலேயே காணொளியைக் கேட்டுவாங்கும் இலவச நீட்சிகள் பயர்பொக்ஸ், குரோம் இரண்டுக்கும் கிடைக்கின்றன. நீட்சி எதையும் சேர்க்க விரும்பாதவர் தெளிவை 720 ஆகக் குறைத்துக்கொள்ளலாம். தமிழ்த் தொடர் பார்க்க அது தாராளம்.

உலாவியும் தன் பங்குக்கு வரைகலையை மறுப்பதுண்டு. பயர்பொக்ஸின் உதவிப் பட்டியலில் உள்ள பிரச்சினைத் தகவல் பக்கத்தைத் திறந்து, கிராபிக்ஸ் பகுதியில் ‘வெப்ரெண்டர்’ என்பதற்குப் பின் ‘சொஃப்ட்வெயார்’ என்று ஒட்டியிருக்கிறதா எனப் பார்க்கலாம். இருந்தால், உலாவியின் அமைப்புகளில் வன்பொருள் முடுக்கம் அணைக்கப்பட்டிருக்கலாம்.

தமிழ் எழுத்துகள் சதுரப் பெட்டிகளாகத் தெரிவதை வரைகலைக் கோளாறு என்று எண்ணி அட்டையையே மாற்றத் துணிந்துவிட வேண்டாம். அது எழுத்துரு இல்லாத குறை. நோட்டோ அல்லது லோகித் தமிழ் எழுத்துருவை மென்பொருள் களஞ்சியத்திலிருந்து நிறுவினால் தீரும்.

வரைகலையே அல்லாத காரணங்கள்

சில கணினிகளில் வரைகலைமேல் சுமத்தப்படும் பழி முற்றிலும் பொய். ‘சிஸ்டம் மொனிட்டர்’ என்னும் நிரலைத் திறந்துவைத்துவிட்டு வழமையான வேலையைச் செய்து பார்த்தால் உண்மை வெளிப்படும். ராம் நினைவகம் நிரம்பி, ‘ஸ்வாப்’ என்னும் கோடு ஏறினால், கணினி நினைவகத்துக்குப் பதிலாக வன்தட்டைப் பயன்படுத்துகிறது. திரை உறைவதன் காரணம் அதுவே. 4 ஜிகாபைட் நினைவகத்துடன் பத்து உலாவித் தாவல்களைத் திறப்பது இன்று கடினம். உள்வரைகலை தனக்கு வேண்டிய நினைவகத்தையும் இதிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அத்தகைய கணினியில் ஒரு 8 ஜிகாபைட் கட்டையைவிட இரண்டு 4 ஜிகாபைட் கட்டைகளை, தாய்ப்பலகையில் குறித்துள்ள இணைத் துளைகளில் செருகுவது சிறந்தது. இரு வழிகளால் ஒரே நேரத்தில் தரவு செல்வதால் வரைகலையின் வேகமும் கூடும். பழைய வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்துவது திரை வரையும் வேகத்தைக் கூட்டாது. ஆயினும் பயனாளர் உணரும் மாற்றங்களுள் அதுவே பெரியது.

வெப்பமும் ஒரு காரணம். கணினி முதற்பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பின்னர் தளர்ந்தால், தூசியைச் சந்தேகிக்கவேண்டும். சூடேறிய செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கிறது. மின்வடத்தைப் பிடுங்கிய பின் பெட்டியைத் திறந்து, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, காற்றுக் குப்பியால் தூசியை ஊதவேண்டும். தரைவிரிப்பின்மேல் வைக்கப்பட்ட கணினிகளில் பல ஆண்டுத் தூசி மெத்தைபோல் திரண்டிருக்கும்.

உதவி தேடும்போது

லினக்ஸ் இந்நாட்டுப் பொதுச்சேவைக்கு அந்நியமானதன்று. டேனிஷ் நகரசபைகள் ஓஎஸ்2 என்னும் கூட்டமைப்பில் இணைந்து உருவாக்கிய ‘ஓஎஸ்2 போர்கர்பிசி’, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. நாட்டின் நூலகங்கள் பலவற்றில் பொதுமக்கள் பயன்படுத்தும் கணினிகள் அதில்தான் இயங்குகின்றன. அக்கணினியில் மிட்ஐடி வழியாக நுழைந்து கடிதம் படித்தவர், தெரியாமலே லினக்ஸைப் பயன்படுத்தியிருக்கலாம். பல நூலகங்கள் கணினி உதவி நேரங்களையும் நடத்துகின்றன. வீட்டுக் கணினி சரியாகும்வரை அவசரக் கடிதங்களை அங்கே பார்த்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் வெளியேற மறக்கக்கூடாது.

வரைகலையைச் சரிசெய்ய எவருக்கும் மிட்ஐடி தேவையில்லை. உதவ வருபவர் உறவினராயினும் அயலவராயினும், பயனர் பெயரையோ ஒப்புதல் குறியீட்டையோ கேட்டால் கொடுக்கலாகாது. கணினி மந்தமாக உள்ளதை அறிந்தோம், சரிசெய்து தருகிறோம் என்று தொலைபேசியில் அழைப்பவர் எவராயினும் மோசடிக்காரரே. வீட்டுக் கணினியின் வேகத்தைத் தொலைவிலிருந்து கண்டு தாமாக அழைக்கும் அலுவலகம் எதுவும் இல்லை.

வீட்டில் கணினி வசதி இல்லாதவர், மொழி அல்லது உடல்நலக் காரணங்களால் பயன்படுத்த இயலாதவர் ஆகியோர், டிஜிட்டல் போஸ்டிலிருந்து விலக்குக் கேட்டுத் தம் நகரசபையின் குடிமக்கள் சேவை நிலையமான போர்கர்சேர்விஸில் விண்ணப்பிக்கலாம். விலக்குப் பெற்றவருக்குக் கடிதங்கள் தாளில் வரும்.

எல்லாம் பார்த்தபின்னும் பயனில்லையெனில், வேறொரு லினக்ஸ் பதிப்பைப் பென்டிரைவிலிருந்து நிறுவாமலே இயக்கிப் பார்ப்பது கடைசிச் சோதனை. அங்கும் திரை கிழிந்தோ கோடுகளுடனோ தோன்றினால் அட்டை பழுதானது. மென்பொருளால் அது திருந்தாது. அத்தகைய கணினியை வீட்டுக் குப்பையில் போடலாகாது. மீள்சுழற்சித் தளமான கென்ப்ருக்ஸ்பிளட்ஸில் மின்பொருள்களுக்கென்று தனி இடம் உண்டு. கொண்டுசெல்லுமுன் வன்தட்டைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளவேண்டும். கோப்புகளை அழித்துவிட்டால் மட்டும் போதாது. பழைய வரிப் பத்திரங்களும் கடவுச்சீட்டுப் படிகளும் அதிலிருந்து மீட்கப்படலாம். நல்ல நிலையில் உள்ள ராம் கட்டைகளையும் மின்வடத்தையும் எடுத்துவைத்தால், அடுத்த பழைய கணினிக்கு உதவும்.